ஓடைக்கு மேல் உரித்த பட்டை

ஃபிதென்சியோவைக் கோவேறு கழுதைமேல் குப்புறப் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அவன் உரித்த பட்டைக் கட்டு ஒரு பக்கம் தொங்கியது, அவன் தலை இன்னொரு பக்கம். கழுதைக்கு வழி தெரியும். ஆளில்லாமலே மலை ஏறி வந்து ஒதிலியாவின் முற்றத்தில் நின்றுவிட்டது.

நாங்கள் எட்டுப் பெண்கள் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தாள் தட்டிக்கொண்டிருந்தோம். என் தங்கை சபினாதான் முதலில் பார்த்தாள்.

"ஒதிலியாக்கா, உங்க வீட்டுக்காரரு நல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்காரு பாருங்க. கழுதை இவரை ஓட்டிட்டு வருது."

எல்லோரும் சிரித்தோம். கரும்புச் சாராயம் அவனுக்குப் பழக்கம்தான். ஒதிலியா கல்லைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு இவனைத் தட்டித் தாளாக்கிடறேன்" என்று எழுந்து போனாள். கிட்டப் போனவள் அப்படியே நின்றாள். அவன் வலது கையில் ஏதோ சட்டைத் துணி சுற்றியிருந்தது. துணி முழுக்கக் கறுத்துக் காய்ந்து போயிருந்தது. இறக்கிக் கிடத்தி, வெந்நீர் விட்டு ஊறவைத்து, துணியைப் பிரித்தோம். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நாலும் அடியோடு இல்லை.

பட்டை உரிக்கிறவனுக்கு விரல்தான் எல்லாம். மரத்தின் அடியில் ஒரு கீறல் போட்டு, விரல்களை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து இழுக்க வேண்டும். பட்டை ஆள் உயரத்துக்கு மேல் நாடாவாகக் கிழிந்து வரும். அதைத்தான் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு வேகவைத்து, பலகையில் வரிசையாக அடுக்கி, கல்லால் தட்டித் தட்டித் தாளாக்குகிறோம். விரலை வெட்டினவனுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தேதான் வெட்டியிருந்தான்.

எந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷங்களில் தெற்கே கெர்ரேரோ மாநிலத்து ஓவியர்கள் பறவையும் பூவும் வரைவதற்கு எங்கள் தாளைத்தான் கேட்டார்கள். எத்தனை தட்டினாலும் போதவில்லை. ஊரைச் சுற்றி இருந்த மரங்களையெல்லாம் உரித்து உரித்து நாங்களே கொன்றுவிட்டோம். மிச்சம் இருந்தது கீழே, முதலாளி தோன் அபுந்தியோவின் காப்பித் தோட்டத்தில்தான். காப்பிச் செடிக்கு நிழலுக்காக எங்களுக்குப் பட்டை தரும் ஹொனோத்தே மரங்களை வளர்த்திருந்தார். ஒரு மரத்தைச் சுற்றிலும் உரித்தால் அது செத்துப்போகும், கீழே இருக்கிற இருபது செடி வெயிலில் கருகும். அவர் கோபப்பட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தத் தோட்டத்துக் காவல்காரர்களில் ஒருவன் நிகாந்த்ரோ. ஒதிலியாவின் கூடப்பிறந்த தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. ஒதிலியா அவனை முதுகில் கட்டிக்கொண்டுதான் தாள் தட்டினாள். பதினாறு வயசில் கீழே வேலைக்குப் போனவன், ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொண்டான், பூட்ஸ் வாங்கினான், இடுப்பில் துப்பாக்கி வந்தது. ஆனாலும் அக்காள் புருஷன் பட்டைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஓடைக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் உரித்துக்கொள், மேலே மட்டும் வராதே என்று அவர்களுக்குள் பேச்சு. ஓடைக்கு மேலே இருந்த மரங்கள் முதலாளி வீட்டு வராந்தாவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஃபிதென்சியோ மேலே போய்விட்டான். ஓடைக்குக் கீழே நல்ல மரம் தீர்ந்துபோயிருந்தது.

"யாரு வெட்டினது?" என்று ஒதிலியா கேட்டாள்.

"கண்ணைக் கட்டியிருந்தாங்க."

"குரல் கேட்டிருக்கும்ல?"

"ஸ்பானிஷ்ல பேசினாங்க. எனக்கென்ன புரிஞ்சுது?"

"நிகாந்த்ரோ அங்க இல்லையா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "தெரியாதுங்கறேன்ல. தண்ணி குடு."

ஐந்தாவது நாள் கை முழங்கை வரை வீங்கி நாற ஆரம்பித்தது. நாற்காலியில் வைத்து நாலு பேர் சுமந்து சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போடுகிறவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அன்றைக்கு அந்த நாள் இல்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டாவது நாள் வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளையும், குதிகாலும் பின்தலையும் மட்டும் பாயில் படும். அவர்கள் மகள் மினெர்வாவுக்கு ஐந்து வயசு. அதைப் பார்க்கவேண்டாம் என்று என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தாவது நாள் பல்லைக் கடித்தபடியே செத்தான். பற்களில் இரண்டு உடைந்திருந்தன.

அடக்கத்துக்கு நிகாந்த்ரோ வரவில்லை. "கீழ வேலையிலேருந்து விட்டிருக்கமாட்டாங்க" என்று ஒதிலியா தானாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், அவன் வந்தான். ஆண்கள் எல்லோரும் மேல்சரிவில் சோளம் விதைக்கப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ருத்திலோ என்கிற இன்னொரு காவல்காரன், இரட்டைக் குழல் துப்பாக்கியோடு. ருத்திலோ வாசலில் நின்றான். நிகாந்த்ரோ உள்ளே வந்தான். கொஞ்சம் குடித்திருந்தான்.

முற்றத்தில் நாங்கள் ஆறு பேர் தட்டிக்கொண்டிருந்தோம். சபினா வாசல் பக்கம் காயவைத்திருந்த பலகைகளிலிருந்து தாளை உரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த புதுப் பாவாடையைக் கழற்றவே மாட்டேன் என்று கட்டிக்கொண்டு திரிந்தாள். அடுப்பில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பெத்ரா கிளறிக்கொண்டிருந்தாள். எங்களில் வாய் நீளமானவள் அவள்தான்.

"வாடா பூட்ஸ்காரா" என்றாள் பெத்ரா. "உள்ள கால் வேகலையா? கழட்டி அண்டாவில போடு, அதையும் ஒரு தாளாத் தட்டித் தர்றோம்."

நிகாந்த்ரோ சிரிக்கவில்லை. "முதலாளி உத்தரவு. கீழேருந்து வந்த பட்டை இந்த ஊர்ல ஒரு கட்டு இருக்கக்கூடாதுங்கறாரு. நானாக் கேக்கறப்ப எடுத்துப் போட்டுடுங்க. அவரு ஆளைக் கூட்டிட்டு வந்தா வேற மாதிரி ஆயிடும்."

ஒதிலியா தட்டுவதை நிறுத்தவில்லை. "பட்டையில பேரு எழுதியிருக்கா, எந்த மரத்துதுன்னு?"

"அக்கா, நீ பேசாம இரு. உனக்காகத்தான் நானே வந்தேன்."

"இங்க இருக்கறது உன் மச்சான் கடைசியாக் கொண்டுவந்த கட்டு. அவன் கையோட விலை அது. அதையும் தூக்கிட்டுப் போறியா?"

அவன் மூலையில் இருந்த பட்டைக் கட்டுகளை இழுத்து அடுப்பில் தள்ளினான். பிறகு அண்டாவை உதைத்தான். முதல் உதையில் அது ஆடியது. இரண்டாவது உதையில் கவிழ்ந்தது. கொதிக்கிற சாம்பல் தண்ணீர் முற்றம் முழுக்கப் பரவியது. நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெத்ரா மட்டும் முன்னமே அண்டாவிலிருந்து மொண்டு வைத்திருந்த வாளியைப் பத்திரமாகத் தள்ளி வைத்தாள்.

ஒதிலியா தண்ணீர் படாத பக்கமாக அவன் முன்னால் போய் நின்றாள். கையில் கல் இருந்தது, அதை அவள் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"நீ அடக்கத்துக்கு வரலையே."

"வந்தா நல்லாருக்குமா?"

"ஏன் நல்லாருக்காது? மச்சான்தானே செத்தது."

அவன் அவளைப் பார்த்தான். முகம் மாறியது. "அவரு உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"அக்கா..." என்றான். பிறகு வேகவேகமாகப் பேச ஆரம்பித்தான். "முதலாளி மச்சான் கழுத்தைக் கேட்டாரு. நாப்பது மரம் செத்துப்போச்சு, நீதானே காவல், நீதானே விட்டேன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒண்ணு அவனை முடி, இல்லாட்டி உன்னை முடிச்சுடறேன்னாரு. நான் கால்ல விழுந்தேன். விரலோட விட்டுடலாம்னு கெஞ்சி வாங்கினதே நான்தான். வேற எவன் கையில கத்தி இருந்திருந்தாலும் உன் புருஷன் அன்னிக்கே போயிருப்பான்."

"யாரு வெட்டினது?"

"அதான் சொல்றேனே. சுத்தமா, ஒரே வெட்டு. கட்டுப் போட்டதும் என் சட்டையைக் கிழிச்சுத்தான். கழுதையில ஏத்திவிட்டது நான். அவரு சாவாருன்னு நான் நினைச்சனா? நல்ல கத்திதான் அது."

அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அக்காள் புருஷனைக் காப்பாற்றியதாக. அதைச் சொன்னால் அக்காள் அழுதுவிட்டு, சரி வா, ரொட்டி சாப்பிட்டுப் போ என்பாள் என்று எதிர்பார்த்திருப்பான். அந்த முகத்தை நான் இப்போதும் மறக்கவில்லை.

ஒதிலியா அடித்தாள்.

அந்தக் கல் உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். பக்கவாட்டில் விரல் பிடிக்க வாட்டமாகச் செதுக்கியிருக்கும். நாள் முழுக்க அதைத் தூக்கி இறக்குகிற கை எங்களுக்கு. அவன் நெற்றிப்பொட்டில் விழுந்தது. அவன் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான், துப்பாக்கி உறையிலிருந்து வருமுன் இரண்டாவது அடி விழுந்தது. சாம்பல் தண்ணீரில் மல்லாக்க விழுந்தான். முதுகு வெந்திருக்கும், கத்தினான்.

வாசலில் நின்ற ருத்திலோ பயந்துபோய்ச் சுட்டான். யாரைக் குறிவைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. குறுக்கே நின்றது சபினா. தாள் அடுக்கை மார்போடு அணைத்தபடி, என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு முழுக்க அவள் வயிற்றில் இறங்கியது.

இரண்டாவது குழலைச் சுட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை பெத்ரா. வாளியோடு ஓடி, கொதிக்கிற தண்ணீரை அப்படியே முகத்தில் வீசினாள். துப்பாக்கியைப் போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு, வழி தெரியாமல் ஓடிச் சரிவில் உருண்டான். அலறல் ரொம்ப நேரம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சாகவில்லை. ஒரு கண் போயிற்று.

நான் சபினாவை மடியில் எடுத்தேன். வயிற்றைக் கையால் அழுத்தினேன், விரலிடுக்கில் ரத்தம் வந்தது. என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒதிலியா தம்பியை மூன்றாவது தரம் அடித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பலகையில் அரைகுறையாகத் தட்டியிருந்த ஈரத் தாளைக் கொத்தாகப் பிடுங்கி, சபினாவின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். ஊறிப்போகப் போக இன்னொன்று, இன்னொன்று.

"நீ தள்ளு, தெல்ஃபா. நான் பிடிச்சுக்கறேன்."

என்னைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். எழுந்தவள் எதிரே பார்த்தது நிகாந்த்ரோவை.

அவன் சாகவில்லை. மற்றப் பெண்களும் ஆளுக்கொன்று அடித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் இப்போது விலகி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரு கண் மூடிப்போய், இன்னொரு கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தான். அவன் இடுப்புத் துப்பாக்கி எட்டத்தில் கிடந்தது, அவனால் கையைக்கூடத் தூக்க முடியாது. என் தங்கையைச் சுட்டவன் அவன் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒதிலியா போட்டுவிட்டுப் போன கல்லை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அக்காவைக் கூப்பிடு" என்றான். எங்கள் பேச்சில்தான் சொன்னான், ஸ்பானிஷில் இல்லை.

நான் கூப்பிடவில்லை. அடித்தேன். எண்ணவில்லை. தாள் தட்டும்போது எப்படி ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து மறுபக்கம் வரை இடம் விடாமல் தட்டுவோமோ அப்படித் தட்டினேன். பெத்ரா என் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோதுதான் நிறுத்தினேன்.

திரும்பிப் போனபோது சபினா போய்விட்டிருந்தாள். ஒதிலியா அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் போலீஸ்காரர்கள் ஆறு பேரும் பத்துச் சிப்பாய்களும் வந்தார்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். ருத்திலோ ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்திருந்தான். முதல் அடிகளைத்தான் அவன் பார்த்திருந்தான், அக்காள்காரி அடித்தாள் என்று சொல்லியிருந்தான். தன் முகத்தில் தண்ணீர் வீசியவள் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரி காகிதத்தைப் பார்த்து ஒதிலியாவின் பேரைக் கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

"இத்தனை அடி ஒரு ஆளு அடிச்சதா? மூஞ்சியே இல்லை."

"நான்தான் அடிச்சேன்."

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, எங்கள் பேச்சில், சமையல் விஷயம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"வாயை மூடிக்கிட்டு நில்லுடி. ரெண்டு பேரும் போனா மினெர்வாவை யாரு பாத்துப்பா? உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"கடைசியா அடிச்சது நான், ஒதிலியா."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நில்லு."

"என்ன சொல்றா?" என்று அதிகாரி கேட்டார். ஸ்பானிஷ் தெரிந்த பெத்ரா, "கோழிக்குத் தீனி போடச் சொல்றாங்க" என்றாள். ஒதிலியாவின் கையைக் கயிற்றால் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. கஷ்டம் அப்புறம்தான் வந்தது.

வெட்டுப்பட்டோ அடிபட்டோ செத்தவர்கள் எங்கள் ஊரில் சும்மா போகமாட்டார்கள். செத்த இடத்திலேயே காற்றாக நிற்பார்கள், ஜுரமாக வருவார்கள். அந்த வாரமே முற்றத்தில் விளையாடிய இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி வந்தது. தாளில் உருவம் வெட்டிப் புதைத்து ஆவிகளை அனுப்புகிற வைத்தியர் தோன் எவாரிஸ்தோவை அழைத்தோம். நல்ல தெய்வங்களுக்கும் எங்களவர்களுக்கும் வெள்ளைத் தாள், கெட்டவர்களுக்குக் கறுப்புத் தாள். காட்டு அத்திப் பட்டையிலிருந்து வருவது. அதைத் தட்டித் தரும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரும் அந்த முற்றத்தில் உட்காரமாட்டேன் என்றார்கள்.

ஒரு நாள் முழுக்கத் தனியாகத் தட்டினேன். பட்டையைத் தட்டும் சத்தம் எனக்கு வேறு ஒன்றாகக் கேட்டது. இரண்டு முறை எழுந்து ஓடை வரைக்கும் போனேன். திரும்ப வந்து தட்டினேன்.

மத்தியான வெயிலில் ஓடைக்கரையில் உட்கார்ந்து தோன் எவாரிஸ்தோ தாளை மடித்துக் கத்தரித்தார். பிரித்தபோது கையைத் தூக்கி நிற்கிற மனுஷ உருவம். கெட்டவர்களின் உருவங்களுக்குக் காலில் பூட்ஸ் இருக்கும், எங்களவர்களுக்கு வெறுங்கால். அவர் நிகாந்த்ரோவுக்குப் பூட்ஸ் வெட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு கொன்னு அனுப்பினதுன்னு இவன்கிட்ட சொல்லணும்" என்றார். "அக்கா பேரைச் சொல்லட்டுமா?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை.

"தப்பான பேரைச் சொன்னா இவன் போகமாட்டான், தெல்ஃபினா. நான் போலீஸ்காரன் இல்லை. எனக்கு வேலை முடியணும்."

"என் பேரைச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினார். என் பேரைச் சொன்னார், கோழியின் ரத்தத்தை அதன்மேல் விட்டார், தாளைச் சுருட்டிப் புதைத்தார். ஃபிதென்சியோவுக்கும் சபினாவுக்கும் வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு வெட்டினார். குழந்தைகளுக்கு வாந்தி நின்றது. எனக்குத் தூக்கம் வரவில்லை, அதை அவர் குணப்படுத்துவதாகச் சொல்லவும் இல்லை.

ஒதிலியாவுக்குப் பன்னிரண்டு வருஷம் போட்டார்கள். ஒன்பதில் விட்டார்கள். மினெர்வா என் வீட்டில் வளர்ந்தாள். என் புருஷன் மெக்சிகோ நகரத்தில் கட்டட வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை, எனக்கு வேறு பிள்ளையும் இல்லை. முதல் வருஷம் அவள் என்னைச் சித்தி என்றாள். மூன்றாவது வருஷம் அம்மா என்றாள். நான் திருத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி புவெப்லா நகரத்துச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பெண் ஒரு மூலையில் நின்றுகொண்டு காலால் தரையைத் தேய்ப்பாள். ஒதிலியா அவளுக்குப் பாசிமணியில் ஏதாவது கோத்து வைத்திருப்பாள். நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம்.

அந்த ஒன்பது வருஷத்தில் தோன் அபுந்தியோவின் காப்பிப் பழம் பறிக்க எங்கள் ஊரிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். காவலுக்கும் ஆள் கிடைக்கவில்லை. பழம் செடியிலேயே அழுகியது. நாலாவது வருஷம் தோட்டத்தை மருமகனிடம் விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார். மருமகன் விவரமானவர். நிழல் மரத்தை முறைவைத்து வெட்டி, புதுசாக நட்டு, வெட்டின மரத்துப் பட்டையைத் தானே உரித்து லாரியில் ஊருக்கு அனுப்பினார். இப்போதும் எங்களுக்குப் பட்டை அங்கிருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். மூன்று பேர் செத்துத்தான் அது ஒருவருக்குத் தோன்றியது.

ஒதிலியா வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. மினெர்வாவுக்குப் பதினாலு வயசு. "அம்மா, இவங்க எங்க படுப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள், ஒதிலியாவின் காதுபட. ஒதிலியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்கே போனாள். மூன்று நாள் அதைப் பெருக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் அவரைக் கறியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டு முடித்தபிறகு கேட்டாள்.

"நான் சபினாகிட்ட உக்காந்திருந்தப்ப அவன் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, அப்போதே நினைவு தப்பிவிட்டது என்று. வாயில் வந்தது வேறு.

"அக்காவைக் கூப்பிடுன்னான்."

"நீ கூப்பிட்டியா?"

"இல்லை."

அவள் என் கன்னத்தில் அறைந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை முழுசாக வீசி அறைந்தாள். தட்டு உருண்டது, நான் சுவரில் போய் மோதினேன். இடது காதில் இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கினாள். நான் முகத்தை மறைக்கவில்லை. கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

"கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேன்" என்றாள். "போயி என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலை. நானே முடிச்சிருப்பேனோ என்னமோ. ஆனா போயிருப்பேன்."

வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"உன் தங்கச்சி என்ன சொன்னான்னு நீ கேக்கவே இல்லையே. ஒன்பது வருஷம் அங்க வந்து மழை பெய்யுதா, சோளம் முளைச்சுதான்னு பேசினியே."

"பயமாருந்துச்சு."

"'பாவாடை புதுசு, ரத்தம் பட்டா போகாது, கழட்டிடுங்க அக்கா'ன்னா. நான் கழட்டலை. கையை எடுத்தா செத்துடுவான்னு நினைச்சேன். அவ கோவிச்சுக்கிட்டா என்கிட்ட. அப்படியே கோவத்தோடதான் போனா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து உருண்ட தட்டை எடுத்துக் கழுவி, என் முன்னால் வைத்தாள்.

மறுநாள் பட்டை லாரி வந்தது. ஒதிலியா தன் முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டு, "இங்கயே இறக்குங்க, ஓடைத் தண்ணி இங்கதானே வருது" என்றாள். மற்றப் பெண்கள் தயங்கினார்கள். பெத்ராதான் முதலில் பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் போனேன். மினெர்வா என் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒதிலியா எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். மகள் பட்டை அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இடைவெளி ஜாஸ்தி விடறே, நடுவுல ஓட்டை விழும்" என்றாள். மினெர்வா என்னைப் பார்த்தாள். நான் என் பலகையைப் பார்த்தேன். அவள் ஒரு முனகலோடு பட்டையை எடுத்துத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.